வீட்டில் மின்கோளாறா? வோல்ட்டா, ஆம்பியரா, ஓமா என்று அறிகுறியை வைத்தே பிரித்தறியும் வழி

நமக்கு மின்சாரம் தொடர்பான எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். விளக்கு அணைந்தால் "கரண்ட் போய்விட்டது". மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் "கரண்ட் குறைவாக வருகிறது". ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டால் "கரண்ட் அடித்துவிட்டது". இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது "கரண்ட் பில்". முதல் இரண்டிலும் நாம் பேசுவது மின்னழுத்தத்தைப் பற்றி, அதாவது வோல்ட். மூன்றாவதுதான் உண்மையான ஓட்டம், ஆம்பியர். நான்காவது ஆற்றல், யூனிட். இவற்றோடு சேர வேண்டிய மின்தடை, ஓம், நம் பேச்சில் வருவதே இல்லை. தென்சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒயர்மேன் வேலை செய்கிறேன். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பெயர் சொல்லப்படாத ஓமில்தான் ஒளிந்திருந்தன.

ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன், எதையும் வாங்குவதற்கு முன், எந்த அளவு மாறியிருக்கிறது என்று பாருங்கள். அது தெரிந்துவிட்டால் கோளாறு எங்கே என்பதை விதியே காட்டிக்கொடுக்கும். தேவையான கணக்கு மிகக் குறைவு. அழுத்தம் = ஓட்டம் × தடை. திறன் = அழுத்தம் × ஓட்டம். கம்பிகள் கூடும் ஒரு சந்திக்குள் எவ்வளவு ஓட்டம் நுழைகிறதோ அவ்வளவும் வெளியே வந்தாக வேண்டும். முதலாவது, ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மன் அறிஞர் 1827-இல் வெளியிட்டது. கடைசி விதி கிர்க்காஃப் என்ற இன்னொரு ஜெர்மன் அறிஞர் 1845-இல் தந்தது. நம் வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2000 வாட் கெய்சர் அதிலிருந்து 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை சுமார் 26 ஓம்.

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் எல்லா விலையிலும் கிடைக்கும். விலையைவிட, கம்பிகளின் காப்புறை தடிமனாகவும் விரிசல் இல்லாமலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தடையை அளக்கும்போது மெயின் அணைந்திருக்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும்போது காலில் உலர்ந்த செருப்பு இருக்க வேண்டும், முடிந்தவரை ஒரு கை சட்டைப் பையில் இருக்க வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: மீட்டரின் சிவப்புக் கம்பி ஆம்பியர் துளையில் இருக்கும்போது அதை ஒருபோதும் சாக்கெட்டில் செருகாதீர்கள். அந்தத் துளையின் தடை ஏறக்குறைய பூஜ்யம். 230-ஐப் பூஜ்யத்துக்கு அருகிலுள்ள எண்ணால் வகுத்தால் என்ன வரும்? மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். இதில் எதிலாவது மனம் தயங்கினால், அளக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் நீங்கள் போடுங்கள். அதுவே பெரிய உதவி.

கெய்சர் போட்டால் விளக்கு மங்குகிறது, மின்விசிறி தளர்கிறது

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. "தம்பி, கரண்ட் வருகிறது, ஆனால் வலு இல்லை" என்றார் அந்த வீட்டு அம்மா. பூஜை அறையில் ஒரு சிறிய குண்டு பல்பு. கெய்சரைப் போட்டவுடன் அது சாம்பல் படிந்த நெருப்புபோல மங்கியது. வரவேற்பறை எல்.இ.டி. விளக்குகளில் எந்த மாற்றமும் இல்லை. அழுத்தம் குறைந்தாலும் நல்ல எல்.இ.டி. விளக்கு தன் வெளிச்சத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். அதனால் இந்தக் கோளாறு இன்று பல வீடுகளில் கண்ணில் படுவதே இல்லை. முன்பே வந்து பார்த்த ஒருவர், தெருவிலேயே வோல்ட்டேஜ் குறைவு, ஸ்டெபிலைசர் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

குளியலறை சாக்கெட்டில் அளந்தேன். கெய்சர் அணைந்திருக்கும்போது 228 வோல்ட். போட்டதும் 209. அதாவது 19 வோல்ட் வழியில் எங்கோ தொலைகிறது. தெருவில் தொலைகிறதா, வீட்டுக்குள் தொலைகிறதா? கெய்சர் ஓடும்போதே மெயின் போர்டில் அளந்தேன்: 227. தெருவில் குறை இல்லை. ஸ்டெபிலைசர் வாங்கியிருந்தால் அந்தப் பணம் வீண்.

இனி ஓம் விதி பேசட்டும். 209-ஐக் கெய்சரின் 26.4 ஓமால் வகுத்தால் 7.9 ஆம்பியர். 19 வோல்ட்டை 7.9-ஆல் வகுத்தால் வழியில் 2.4 ஓம் தடை. அந்த வழியில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக வர மொத்தம் 40 மீட்டர். இந்தக் கம்பி ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 12 ஓம் தரும். 40 மீட்டருக்கு அரை ஓம்கூட வராது. கெய்சருக்கு இந்தக் கம்பி மெலிது என்பது வேறு குறை. ஆனால் மீதியுள்ள கிட்டத்தட்ட 1.9 ஓம் கம்பியில் இல்லை; எங்கோ ஓர் இணைப்பில் இருக்கிறது. 7.9 ஆம்பியர் ஓடும்போது அந்த இணைப்பு ஏறக்குறைய 120 வாட் வெப்பத்தைக் கக்குகிறது. 25 வாட் சால்டரிங் அயர்ன் ஐந்தை ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடியதற்குச் சமம் அது.

எங்கே என்று தேடப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. போர்டுக்கும் குளியலறைக்கும் நடுவில் பரண் மேல் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது. மெயினை அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு கம்பிகளை முறுக்கித் துணி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் கையில் பொடியாக உதிர்ந்தது. செம்பு பச்சை பூத்திருந்தது; அதன் அடியில் கம்பியின் உறை ஒரு விரற்கடை நீளத்துக்குக் கருகிச் சுருண்டிருந்தது. உப்புக்காற்று வீசும் பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் வீடுகளில் இந்தப் பச்சையை நான் அடிக்கடி பார்க்கிறேன். பச்சை பூத்த பகுதியை வெட்டியெறிந்து, புதிதாகச் சீவி, திருகுக் கனெக்டரில் இறுக்கினேன். மீண்டும் அளந்தபோது கெய்சர் ஓடுகையில் சாக்கெட்டில் 223. கெய்சருக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் கம்பி இழுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் அதையும் செய்துகொண்டார்கள்.

நீங்கள் அளக்கும்போது ஒரு கவனம் தேவை. மாலை ஆறு மணிக்கு மேல் தெரு முழுவதும் ஏ.சி. ஓடத் தொடங்கினால் வரும் அழுத்தமே ஆடும். கெய்சரை அணைத்து ஓர் அளவு, உடனே போட்டு ஓர் அளவு என்று மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி எடுத்தால்தான் உண்மையான வித்தியாசம் தெரியும். ஓமுக்கே இந்தத் தொல்லை இருந்தது. அவர் காலத்து மின்கலங்கள் சீரான அழுத்தம் தரவில்லை. ஆகவே செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப இணையின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான அழுத்தத்தைப் பெற்ற பிறகே அவரால் விதியைக் காண முடிந்தது.

மெயின் போர்டிலேயே அழுத்தம் விழுகிறது என்றால் கோளாறு சர்வீஸ் ஒயரிலோ தெருவிலோ இருக்கிறது. அது மின்வாரியத்தின் வேலை. மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள். ஒரே ஒரு மின்விசிறி மட்டும் எப்போதும் மெதுவாகச் சுற்றுகிறது, மற்றவை சரி என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். பெரும்பாலும் அதன் கெபாசிட்டர் தளர்ந்திருக்கும், 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும், அதே அளவில் புதியது போடுங்கள்.

பிளக் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது, ஆனால் எம்.சி.பி. விழவில்லை

"ஆபத்து என்றால் எம்.சி.பி. விழுந்திருக்குமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எம்.சி.பி. என்பது ஓட்டம் மிஞ்சினால் தானே விழுந்து வழியைத் துண்டிக்கும் சுவிட்ச். அதற்குத் தெரிவது ஓட்டம் ஒன்றுதான். தளர்ந்த சாக்கெட்டில் தடை கூடுகிறது. தடை கூடினால் ஓட்டம் சற்றுக் குறையவே செய்யும். எம்.சி.பி. எப்படி விழும்?

வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது ஜூல் என்ற இயற்பியலாளர் கண்டது. சாக்கெட்டின் பிடி தளர்ந்து 0.2 ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குள் சுமார் 4 வாட் வெப்பம். வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். அதே சாக்கெட்டில் 2000 வாட் கெய்சரைச் செருகினால் ஓட்டம் இரண்டு மடங்கு, வெப்பம் நான்கு மடங்கு: 15 வாட். அந்தச் சூட்டில் பித்தளைப் பிடி மேலும் தளரும். தளர்ந்தால் தடை மேலும் கூடும். அதனால்தான் நேற்றுவரை நன்றாக இருந்த சாக்கெட் ஒரே வாரத்தில் கரியாகிறது.

பிளக்கைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள். எந்த ஊசி நிறம் மாறியிருக்கிறதோ அந்தப் பக்கத்துப் பிடியோ திருகோதான் காரணம். கருகிய செம்பை மறுபடி இறுக்கினால் பயனில்லை. வெட்டிவிட்டுப் புது முனை சீவி, சாக்கெட்டையே மாற்றுங்கள். பெரிய பிளக்கைச் சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருக விற்கப்படும் மாற்றுப் பிளக்கைத் தயவுசெய்து கெய்சருக்கோ இண்டக்ஷன் அடுப்புக்கோ பயன்படுத்தாதீர்கள்.

எம்.சி.பி. விழுகிறது

எப்போது விழுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

தூக்கிய நொடியிலேயே விழுந்தால் ஷார்ட். மெயினை அணையுங்கள், எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள், விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளையும் அணையுங்கள். பிறகு அந்த வழியின் பேஸுக்கும் (அழுத்தம் வரும் கம்பி) நியூட்ரலுக்கும் (ஓட்டம் திரும்பும் கம்பி) நடுவே தடையை அளங்கள். மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் சுவருக்குள் கம்பி ஒட்டியிருக்கிறது. அளவே காட்டவில்லை என்றால் கம்பி நல்லது. கழற்றிய சாதனங்களில் ஒன்றுதான் குற்றவாளி.

சிறிது நேரம் ஓடிய பிறகு விழுந்தால் அது பாரம். வாட்டைக் கூட்டிப் பாருங்கள்: ஏ.சி. 1600, கெய்சர் 2000, இண்டக்ஷன் அடுப்பு 2000. மொத்தம் 5600 வாட், 24 ஆம்பியருக்கு மேல். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சிறிது நேரம் பொறுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் விழத்தான் செய்யும். அதற்காகத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. "32 ஆம்பியர் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவருக்குள் இருக்கும் கம்பி பழைய கம்பிதான். இரண்டு மடங்கு ஓட்டத்தில் அது நான்கு மடங்கு சூடாகும், எம்.சி.பி. பார்த்துக்கொண்டிருக்கும். பாரத்தைப் பிரித்து வேறு வழியில் போடுங்கள், அல்லது தடித்த கம்பியைத் தனியாக இழுங்கள்.

மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது

கிர்க்காஃபின் விதியை ஒரு பெட்டிக்குள் அடைத்தால் அதுதான் ஆர்.சி.சி.பி. பேஸில் போன ஓட்டம் அப்படியே நியூட்ரலில் திரும்புகிறதா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது 5 ஆம்பியர், திரும்பியது 4.97 என்றால், மீதி 30 மில்லியாம்பியர் எங்கோ தரை வழியாகப் போகிறது, உடனே துண்டித்துவிடும். அந்த 'எங்கோ' ஒரு குழந்தையின் உடம்பாகவும் இருக்கலாம். ஈர உடம்பின் தடையை 1000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் 230 மில்லியாம்பியர் பாயும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது கண்ணிலேயே படாது. ஆகவே ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுப்பதைப்போன்ற கொடுமை வேறில்லை. நான் போகும் வீடுகளில் அப்படிக் கண்டால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைத்தான் திருப்பிப் போடுகிறேன்.

கண்டுபிடிக்கும் முறை இது. எல்லாச் சாதனங்களையும் பிளக்கோடு கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் பேஸை மட்டும்தான் பிரிக்கும், நியூட்ரல் வழியான கசிவு அப்படியே இருக்கும். பிறகு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள். எது செருகும்போது விழுகிறதோ அதைத் தனியே வையுங்கள். ஒன்றுமே செருகாமல் விழுந்தால் கசிவு கம்பியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இது நடந்தால் நான் நேராகப் போவது மூன்று இடங்களுக்கு: வாயிற்படி விளக்கு, மொட்டை மாடி சுவிட்ச், தண்ணீர்த் தொட்டி மோட்டார். மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்குள் மழைநீர் ஒரு கரண்டி தேங்கியிருந்தால் போதும்.

இங்கே சாதாரண மல்டிமீட்டர் உங்களைக் கைவிடும். 230-ஐ 0.03-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7,700 ஓம். இந்தத் தடைக்குக் கீழே வந்தால் 30 மில்லியாம்பியர் கசியும். ஆனால் மல்டிமீட்டர் தன் சிறிய பேட்டரியின் சில வோல்ட்டால் அளக்கிறது. ஈரம் பட்ட காப்புறை அந்தச் சின்ன அழுத்தத்தில் நல்லபிள்ளையாக இருக்கும்; 230-இல் உடைந்துவிடும். அதனால்தான் ஒயர்மேன்கள் காப்புறையின் தடையை 500 வோல்ட்டில் அளக்கும் மெகர் என்ற கருவியைக் கொண்டுவருகிறார்கள்.

டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை

"பேஸ் இரண்டு பக்கமும் வந்துவிட்டது" என்று பதறுவார்கள். நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். சுவிட்ச் போட்டிருக்கும் ஏதோ ஒரு விளக்கின் வழியாகப் பேஸ் நியூட்ரல் கம்பிக்கு வந்து நிற்கிறது. வழி முடியவில்லை, எனவே ஓட்டம் இல்லை. ஓட்டம் பூஜ்யம் என்றால் விளக்கில் விழும் அழுத்தமும் பூஜ்யம். ஆகவே விளக்கின் மறுபக்கத்திலும் முழு அழுத்தம். அந்த நியூட்ரல் கம்பியைத் தொட்டால் உங்கள் உடம்பே வழியை முடித்துவைக்கும். எனவே நியூட்ரல்தானே என்று தொடாதீர்கள். எல்லா சுவிட்சுகளையும் அணைத்துப் பிளக்குகளையும் கழற்றினால் இரண்டாவது துளையில் டெஸ்டர் அணைந்துவிடும். அப்படியானால் நியூட்ரல் இணைப்புகளைப் போர்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

எங்கும் இணையாத கம்பியில் மீட்டர் 60, 80 வோல்ட் காட்டினால் கலங்க வேண்டாம். பக்கத்துக் கம்பியின் மின்புலம் தொட்டுக் காட்டும் நிழல் அது. மீட்டரின் தடை கோடி ஓம் அளவில் இருப்பதால் அந்த நிழலும் எண்ணாகத் தெரிகிறது.

விளக்குகள் கூசுகின்றன, டி.வி.யில் புகை

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால், மீதியைப் பிறகு படியுங்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மூன்று பேஸ் வரும். வீட்டுக்கு ஒரு பேஸாகப் பிரித்திருப்பார்கள். எல்லா வீடுகளுக்கும் நியூட்ரல் ஒன்றுதான். தெருமுனைப் பில்லர் பாக்ஸிலோ கீழ்த்தள மீட்டர் போர்டிலோ அந்தப் பொது நியூட்ரல் அறுந்தால், இரண்டு வீடுகள் வரிசையில் கோத்ததுபோல ஆகிவிடும். இரு முனைகளிலும் இரு பேஸ்கள், நடுவே 400 வோல்ட். யாருக்கு எவ்வளவு? முதல் வீட்டில் கெய்சர் ஓடுகிறது, 26 ஓம். இரண்டாவது வீட்டில் டி.வி.யும் இரண்டு விளக்குகளுமாக 200 வாட். அது சுமார் 264 ஓம். மொத்தம் 290 ஓம், ஓட்டம் 1.38 ஆம்பியர். முதல் வீட்டுக்குக் கிடைப்பது 36 வோல்ட். இரண்டாவது வீட்டின் தலையில் 364 வோல்ட்.

கவனியுங்கள்: குறைவாகப் பயன்படுத்தும் வீடுதான் எரிகிறது. அதிகம் இழுக்கும் வீட்டில் விளக்கு மங்குகிறது. ஒரே கட்டடத்தில் ஒரு வீட்டுக்காரர் மங்கல் என்றும் இன்னொருவர் கூசுகிறது என்றும் ஒரே நேரத்தில் சொன்னால், வேறு சோதனையே வேண்டாம், நியூட்ரல் போய்விட்டது. மாடிக்கு மாடி கதவைத் தட்டி எல்லோரையும் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். மின்னகத்துக்கு உடனே சொல்லுங்கள். நியூட்ரலைச் சரிசெய்த பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் 230-க்கு அருகில் இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் பிரிட்ஜையும் ஏ.சி.யையும் போட வேண்டும்.

பிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறது

எர்த் சரியில்லை, அல்லது கசிவு இருக்கிறது, பெரும்பாலும் இரண்டும். மடிக்கணினியின் உலோக உடம்பில் வரும் மெல்லிய கூச்சம் அடாப்டருக்குள் இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டரின் மைக்ரோஆம்பியர்; எர்த் ஊசியுள்ள சாக்கெட்டில் செருகினால் போய்விடும். பிரிட்ஜ், கெய்சர், வாஷிங் மெஷின் கடித்தால் அப்படி விட்டுவிடக் கூடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு ஆளை அழையுங்கள்.

எர்த் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். பேஸ் கம்பி பிரிட்ஜின் உடம்பில் ஒட்டிவிட்டது, உங்கள் எர்த் குழியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். ஓட்டம் 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, பிரிட்ஜின் உடம்பு அழுத்தத்தோடு அப்படியே நிற்கும். அதே 4.6 ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கு நூற்றைம்பது மடங்கு அதிகம். கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். நம் கடலோர மணல் கோடையில் நன்றாகக் காய்ந்துவிடும், எர்த் தடையும் ஏறும். சித்திரை பிறந்ததும் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்த வீடுகளில் அதைத் தொடருங்கள்.

இன்வெர்ட்டர் அரை மணி நேரத்தில் கூவுகிறது

பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்றால் தாளில் 1800 வாட் மணி. நான்கு மின்விசிறிகள், 300 வாட். இழப்புகளைக் கழித்தாலும் நான்கு மணி நேரம் எதிர்பார்க்கலாம்.

வீட்டுப் பக்கத்தில் அந்த 300 வாட்டுக்கு 1.3 ஆம்பியர்தான். பேட்டரிப் பக்கத்தில் அழுத்தம் 12 வோல்ட் மட்டுமே என்பதால் அதே திறனுக்கு இழப்போடு சேர்த்து 30 ஆம்பியர் ஓடுகிறது. பேட்டரி முனையில் வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கும் அந்தப் பொடி 0.05 ஓம் தடை கொடுத்தால் போதும், 1.5 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். பேட்டரியில் 12 இருக்கும், இன்வெர்ட்டருக்கு 10.5 தான் போய்ச்சேரும். அது பேட்டரி காலி என்று நம்பிக் கூவும். இதே 0.05 ஓம் வீட்டுப் பக்கத்தில் இருந்தால் விழுவது ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பாரம் ஓடும்போது மீட்டரை முதலில் ஈய முனைகளின் மேலேயே வைத்து அளங்கள்; பிறகு அவற்றைக் கவ்வியிருக்கும் கேபிள் காதுகளின் மேல். இரண்டும் ஒன்றாகக் குறைந்தால் பேட்டரிதான் தளர்ந்துவிட்டது. முனையில் 12, காதில் 10.5 என்றால் பேட்டரி நல்லது. இன்வெர்ட்டரை அணைத்து, நெகட்டிவை முதலில் கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரால் முனைகளைக் கழுவி, துடைத்து உலர்த்தி, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். அறையைத் திறந்துவையுங்கள், சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், பொறி படக் கூடாது.

பில் எகிறுகிறது

யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 36 லட்சம் ஜூல். 75 வாட் பழைய மின்விசிறி ஒன்று இரவு பகலாக 60 நாள் ஓடினால் 108 யூனிட். தமிழ்நாட்டில் 2016-இல் தொடங்கிய, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அளவையே அந்த ஒரே விசிறி தாண்டிவிடும். அதே நேரம் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிக்கு (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை) 43 யூனிட் போதும்.

உங்கள் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், 2000 வாட் கெய்சர் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 107 சிமிட்ட வேண்டும். மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தால் மீட்டர் சரி.

மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பாட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். பில் கூடுகிறது என்று கூப்பிட்டார். இரவு எட்டு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே போய் எண்ணினேன், நிமிடத்துக்கு ஐந்து. 3200 சிமிட்டல் மீட்டரில் அது 94 வாட். வீட்டு மெயினையே இறக்கிவிட்டு மறுபடி எண்ணினேன், அப்போதும் ஐந்து. மீட்டரைத் தாண்டிய ஓட்டம் மெயினுக்குள் நுழையவில்லை என்றால், இரண்டுக்கும் நடுவே யாரோ கிளை பிரித்திருக்கிறார்கள். டார்ச் அடித்து ஒயரைப் பின்தொடர்ந்தேன். மாடிப்படிகளில் எரிந்துகொண்டிருந்த இரண்டு பழைய சோக் டியூப் லைட்டுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 67 யூனிட்டுக்கு மேல். எத்தனை ஆண்டுகளாகப் பாட்டி கட்டிவந்தார் என்று அங்கிருந்த யாருக்கும் நினைவில்லை. சங்கச் செயலாளரை அழைத்துக் காட்டி, அவர் முன்னிலையில் அந்தக் கிளையைப் பொது மீட்டருக்கு மாற்றினோம். பாட்டியின் மீட்டர் முன் மறுபடி ஒரு நிமிடம் நின்றேன். விளக்கு சிமிட்டவில்லை.